வசியமா, அறிதுயிலா?

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். அதை நாலு பேர் அறியச் சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஓரளவேனும் பயன்படும் என்று கருதி, என் தாயாரின் சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறேன்.

தாயார் தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தை விட்டு, ஹௌராவில் என்னுடன் வசிக்க வந்து அப்பொழுது மூன்று மாதங்கூட நிறைவுறவில்லை. ஒரு நாள் காலை காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குத் தனியே சென்றார். வழியில் கௌரவமாக உடை உடுத்திய ஒருவன் எதிர்ப்பட்டு, "நமஸ்காரம் அம்மா, தமிழ்நாடா? எந்த ஊர்?" என்று தெளிவான தமிழில் கேட்டிருக்கிறான். வங்காளமும் ஹிந்தியுமே காதில் விழுந்துகொண்டிருந்த தெருவில் தாய்மொழியைக் கேட்டதும் அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நின்று ஊர்ப்பேச்சுப் பேசினார். அதற்குள் மற்றொருவன் பரபரப்புடன் வந்து, முன்னே வழிப்பறி நடப்பதாகவும், பெண்கள் நகை அணிந்து செல்லலாகாது என்று போலீசார் உத்தரவிட்டிருப்பதாகவும் சொன்னான். தமிழ் பேசியவன் உடனே தன் மோதிரத்தைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக்கொண்டான். தாயாரும் தம் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அவன் பொட்டலமாகக் கட்டித் திருப்பித் தந்தான். வீட்டுக்கு வந்து பிரித்தபோது, உள்ளே இரண்டு இரும்பு வளையங்கள் இருந்தன.

நாலு சவரன் நகை அது. என் தங்கையின் திருமணத்திற்கென்று வைத்திருந்தது. புகார் எழுதிக் கொடுத்தோம், நகை திரும்பவில்லை.

"அவன் என் கண்ணைப் பார்த்தான். அப்புறம் என் புத்தி என்கிட்ட இல்லை. வசியம் பண்ணிட்டான்" என்றார் தாயார். அக்கம்பக்கத்தாரும் அதையே ஆமோதித்தனர். ஒவ்வொருவரிடமும் அத்தகைய கதை ஒன்று இருந்தது. நகை போனது ஒரு துக்கம். அதனினும் பெரிய துக்கம் பின்னே வந்தது. அன்று முதல் அவர் வெளியே செல்வதை நிறுத்திவிட்டார். பால்காரரின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தம் உள்ளம் தமக்குச் சொந்தமில்லை, எவன் வேண்டுமானாலும் கண்ணால் பறித்துக்கொண்டு போகலாம் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. இதற்கிடையில், மனோவசிய நிபுணர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், தாயாரைத் துயிலில் ஆழ்த்தித் திருடனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து காட்டுவதாகவும், அதற்கு 5,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்லி அனுப்பினார். பணம் கட்டுவதா வேண்டாமா என்று நான் தடுமாறினேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா நான். எனினும் விஷயத்தை அறியாமல் பணத்தைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் படித்தும், எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும் மருத்துவ நண்பரிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

இப்பொருளைக் குறிக்கத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று மனோவசியம், மற்றொன்று அறிதுயில். ஆங்கிலத்தில் ஹிப்னாடிசம் என்பர். முன்னோர் மெஸ்மரிசம் என்றே சொல்லிப் பழகினர். மனோவசியம் என்ற சொல்லில் இருவர் இருக்கின்றனர்: வசப்படுத்துகிறவன் ஒருவன், வசப்படுகிறவன் ஒருவன். ஆற்றல் முழுவதும் முன்னவனுடையது. அறிதுயில் என்பதோ, பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் நிலையைச் சொல்ல நம்மவர் வழங்கிய பழஞ்சொல். துயில்வது போலிருந்தும் யாவற்றையும் அறிந்திருக்கும் நிலை அது. அங்கே துயில்கிறவரைத் தவிர வேறொருவருக்கு இடமில்லை. இவ்விரு சொற்களில் எது உண்மைக்கு அருகில் உள்ளது? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் ஆராய்ந்துவரும் கேள்வியும் ஏறக்குறைய இதுவே.

1734இல் பிறந்து, வியன்னா நகரில் மருத்துவம் பயின்றவர் மெஸ்மர். 1778இல் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். எல்லா உயிர்களிலும் கண்ணுக்குத் தெரியாத காந்தப் பாய்மம் ஒன்று ஓடுகிறது, அது தடைப்படுவதே நோய் என்பது அவர் கொள்கை. இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மரத்தொட்டியைச் சுற்றி நோயாளிகள் அமர்வர். சிலர் நடுங்கினர், சிலர் மூர்ச்சையுற்றனர், பலர் நோய் நீங்கிற்று என்றனர். பாரிஸ் நகரமே அவர் வாயிலில் கூடியது.

1784இல் பதினாறாம் லூயி மன்னர் இதை ஆராய ஒரு குழுவை நியமித்தார். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினும், ரசாயன மேதை லவாய்சியேயும் அதில் இருந்தனர். அவர்கள் செய்த சோதனை எளியது. பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தை மட்டும், மெஸ்மரின் வழியைப் பின்பற்றிய மருத்துவர் ஒருவர் 'காந்தமேற்றினார்'. பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றனர். காந்தமேற்றிய மரத்தை அடையுமுன், வேறொரு மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான். பாய்மம் என்று ஒன்று இல்லை, கற்பனையே இத்தனையும் செய்தது என்று குழு முடிவு கூறியது. மெஸ்மரின் புகழ் மங்கியது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. வெறும் கற்பனை ஒரு சிறுவனை வீழ்த்த வல்லது என்றால், அக்கற்பனையின் ஆற்றல் எத்தகையது?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர் என்பது நமக்குப் பெருமை. கோவாவில் கண்டோலிம் என்னும் ஊரில் 1756இல் பிறந்தவர் பாதிரியார் பாரியா. இளமையில் போர்ச்சுக்கல் நாட்டு அரண்மனைக் கோயிலில் பிரசங்கம் செய்ய மேடை ஏறியபோது அவருக்கு நா எழவில்லையாம். கீழே இருந்த தகப்பனார், "இவர்கள் எல்லாரும் கீரை, கீரையை நறுக்கு" என்று கொங்கணியில் மெல்லச் சொன்னாராம். உடனே அச்சம் நீங்கிப் பிரசங்கம் மடைதிறந்தாற்போல் வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. ஒரு சொல் உள்ளே புகுந்து மனத்தையே மாற்றக்கூடும் என்பதை அன்றே அவர் உணர்ந்தார் போலும். 1813இல் பாரிஸில் பொதுமக்கள் முன்னிலையில் சோதனைகள் செய்து காட்டினார். தொட்டி இல்லை, கம்பி இல்லை. வந்தவரை நாற்காலியில் அமர்த்தி, கண்ணை மூடித் தூக்கத்தையே நினைக்கச் செய்து, "உறங்குக!" என்று உரக்கக் கூறுவார், அவ்வளவே. தம்மிடமிருந்து எந்தச் சக்தியும் பாய்வதில்லை, நிகழ்வதெல்லாம் துயில்கிறவரின் உள்ளத்திலேயே நிகழ்கிறது என்று அவர் போதித்தார். பலர் அவரைப் பரிகசித்தனர். 1819இல் அவர் காலமானார். பணஜி நகரில் 1945இல் நிறுவிய அவரது சிலையை இன்றும் காணலாம். ஆற்றல் துயில்கிறவருடையது என்று தெளிவாகச் சொன்ன முன்னோடி அவர்.

ஹிப்னாடிசம் என்ற பெயரை வழக்கத்திற்குக் கொண்டுவந்தவர், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் தொழில் செய்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட். 1841இல் ஒரு மேடைக் காட்சியைக் கண்டு ஐயுற்று, தாமே ஆராயத் தொடங்கினார். பளபளப்பான ஒரு பொருளைக் கண்ணுக்குச் சற்று மேலே பிடித்து, அதையே உற்றுப் பார்க்கச் செய்தால் போதும், அந்நிலை உண்டாகிறது என்று கண்டார். 1843இல் நூல் எழுதினார். ஹிப்னாஸ் என்பது கிரேக்க மொழியில் துயிலைக் குறிக்கும். இது மெய்யான துயிலன்று என்று தெரிந்தபின் பெயரை மாற்ற அவர் முயன்றார். ஆனால் பெயர் ஊன்றிவிட்டது.

இனி நமக்கு மிக அருகில் உள்ள ஊருக்கு வருவோம். ஹௌராவிலிருந்து பாண்டேல் செல்லும் வண்டியில் சின்சுராவை அடுத்து ஹூக்ளி நிலையம் வரும். கிழக்கிந்தியப் பகுதியில் முதல் பயணிகள் ரயில் 1854 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஓடியது இந்த ஹௌரா - ஹூக்ளி பாதையில்தான். தூரம் 24 மைல். அந்த ரயில் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், ஹூக்ளியில் கம்பெனி சர்க்காரின் மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல். மெஸ்மரிசத்தைப் பற்றிப் படித்திருந்தாரேயன்றிக் கண்ணால் கண்டவரல்லர். 1845 ஏப்ரல் மாதம், ஓதம் என்னும் விரைவீக்க நோய்க்குச் சிகிச்சை பெற்ற சிறைக்கைதி ஒருவர் வலி தாளாமல் துடித்தார். எஸ்டெய்ல் தாம் படித்த முறைப்படி, உடலைத் தொடாமல் முகத்திற்கும் மார்புக்கும் மேலாகக் கைகளை நீவி நீவி அவரைத் துயிலில் ஆழ்த்தினார். வலி அடங்கியது.

இன்று நமக்கு அதன் அருமை விளங்குவது கடினம். மயக்க மருந்து இல்லாத காலம் அது. விழித்திருக்கும் மனிதனை நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, கத்தி வைத்து அறுப்பார்கள். எட்டே மாதங்களில் 70க்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளை வலியின்றிச் செய்ததாக எஸ்டெய்ல் அறிவித்தார். வங்காளத்தில் அந்நாளில் மிகுந்திருந்த, யானைக்கால் நோயின் இனத்தைச் சேர்ந்த பெருங்கட்டிகளை அகற்றியவை அவற்றுள் பல. நோயாளிகளைத் துயிலச் செய்த வேலை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த நம் நாட்டு உதவியாளர்களுடையது. இருண்ட அறையில் மணிக்கணக்காக அமர்ந்து அவர்கள் கைகளை நீவினர். அவர்களுடைய பெயர்களைப் பலரும் அறியார்.

1846இல் அரசு நியமித்த குழு நேரில் பார்வையிட்டது. அறுவையின்போது சிலருடைய உடலில் அசைவுகள் காணப்பட்டன. ஆயினும் விழித்தபின் வலி தெரியவில்லை என்றே அவர்கள் கூறினர். அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு சிறு மருத்துவமனை ஏற்பட்டது. ஆனால் அதே 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்தை வெற்றியுடன் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டு குளோரோபார்ம் வந்தது. சில நிமிடங்களில் எவரையும் உணர்விழக்கச் செய்யும் மருந்து இருக்கையில், மணிக்கணக்காகக் கை நீவ யார் காத்திருப்பர்? 1851இல் எஸ்டெய்ல் இந்தியாவை விட்டுச் சென்றார். தம் உடலிலிருந்து ஒரு சக்தி பாய்கிறது என்றே அவர் நம்பியிருந்தார். அந்த விளக்கம் பிழை. நோயாளிகள் பெற்ற நிவாரணம் பிழையன்று.

அப்படியாயின் மனத்தில் நிகழ்வது என்ன? தூக்கமன்று என்பது உறுதி. அறிதுயிலில் இருப்பவரின் மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்தால், அவை உறங்குகிறவரின் அலைகளைப் போல் இருப்பதில்லை. கவனம் ஒரே இடத்தில் குவிகிறது, சுற்றியுள்ளவை மங்குகின்றன, சொல்லும் யோசனையை மனம் தடையின்றி ஏற்கிறது. 'கை கனக்கிறது' என்றால், தாமாக முயலாமலே கை கனப்பதாக உணர்கின்றனர். இதன் சிறு சாயலை நாம் நாள்தோறும் காண்கிறோம். ரயிலில் கதைப்புத்தகத்தில் ஆழ்ந்தவர், தாம் இறங்க வேண்டிய நிலையம் வந்ததும் போனதும் அறியாமல், அடுத்த நிலையத்தில் இறங்கி எங்கள் ஜன்னலில் வந்து நிற்பதில்லையா? அவரை எவரும் வசியம் செய்யவில்லை. அவர் கவனமே அவரைக் கொண்டு சென்றது.

எல்லாரும் ஒரே அளவில் இந்நிலையை அடைவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1959இல் இதை அளக்க ஒரு முறை வகுத்தனர். 100 பேரில் ஏறக்குறைய 10 முதல் 15 பேர் எளிதில் ஆழ்ந்து செல்வர், ஏறக்குறைய அத்தனை பேருக்கு ஒன்றுமே நேராது, மற்றவர் இடைப்பட்டவர். மேடையில் வித்தை காட்டுகிறவர் முதலில் சிறு சோதனைகள் செய்து, அந்த முதல் வகையினரையே மேடைக்கு அழைத்துக்கொள்கிறார். வித்தையில் பாதி அந்தத் தேர்விலேயே முடிந்துவிடுகிறது.

அவர்கள் நடிக்கிறார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. 1997இல் கனடாவில் மான்ட்ரியல் நகர ஆராய்ச்சியாளர்கள், அறிதுயிலில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து மூளையைப் படம் எடுத்தனர். வலியின் வேதனை கூடும் அல்லது குறையும் என்று யோசனை கூறக் கூற, வேதனையை உணர்வதோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் இயக்கம் அதற்கேற்ப மாறிற்று. சூட்டை அறியும் பகுதியில் அத்தகைய மாற்றம் இல்லை. அதாவது, கை சுடுவது தெரிகிறது. அது துன்பமாவது குறைகிறது.

இன்று மருத்துவத்தில் இதற்கு அளவான இடம் உண்டு. 1955இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும், 1958இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் இதை ஏற்றன. தீக்காயத்திற்குக் கட்டுப் போடும் வேளையிலும், தீராத வலியிலும், சிலவகைக் குடல் உபாதைகளிலும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். பெல்ஜியத்தில் லியேஜ் நகர மருத்துவமனையில் 1992 முதல், முழு மயக்கம் கொடாமல், சிறிதளவு மருந்தோடு அறிதுயிலையும் சேர்த்துத் தைராய்டு அறுவை செய்து வருகின்றனர். ஆனால் இது மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. கட்டியையும் சர்க்கரை நோயையும் இதனால் நீக்குகிறேன் என்பவரிடம் செல்வது ஆபத்து. சித்தப்பிரமை போன்ற கடும் மனநோய் உள்ளவர்கள், மனநல மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

இனி, எங்களிடம் 5,000 ரூபாய் கேட்டவரின் வாக்குறுதியைப் பார்ப்போம். ஞாபகம் என்பது பெட்டியில் பூட்டிய புகைப்படமன்று. நினைக்கும்போதெல்லாம் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. அறிதுயிலில் கற்பனை ஓங்குவதால், காணாத முகமும் கண்டதாகத் தோன்றும். தோன்றியபின் அதில் உறுதியும் கூடிவிடும். இதனாலேயே பல நாட்டு நீதிமன்றங்கள் இத்தகைய சாட்சியத்தை ஐயத்துடன் நோக்குகின்றன. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1982இல் இதற்குக் கடுமையான தடை விதித்தது. நாங்கள் பணம் கட்டியிருந்தால், குற்றமற்ற யாரோ ஒருவரைத் தாயார் திருடன் என்று மனமார நம்பியிருக்கக்கூடும். இதை அறிந்தபோது என் உடல் நடுங்கியது. பணம் கட்டவில்லை.

தெருவில் வந்தவன் தாயாரை வசியம் செய்தானா? இங்கே ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். 1965இல் ஆர்ன், எவன்ஸ் என்னும் இரு உளவியலாளர் நடத்தியது அது. அறிதுயிலில் இருந்தவர்களிடம், விஷப்பாம்பை எடுக்கவும் அமிலத்தில் கையிடவும் சொன்னார்கள்; பெரும்பாலோர் முனைந்தனர். வசியத்தின் வலிமையைப் பார்த்தீர்களா என்று எண்ணத் தோன்றும். ஆனால் அறிதுயிலில் இல்லாமல், இருப்பதுபோல் நடிக்கச் சொல்லி நிறுத்தியிருந்தவர்களும் அவ்வாறே செய்தனர். ஆராய்ச்சியாளர் தமக்குத் தீங்கு வரவிடமாட்டார் என்று அவர்கள் நம்பினர். பாதுகாப்பு ஏற்பாடுகளும் மறைவாகச் செய்யப்பட்டிருந்தன. ஆகவே அவர்களைச் செயற்படுத்தியது துயிலன்று, நம்பிக்கை.

தாயாரிடம் இதைச் சொன்னேன். கண்ணால் எவனும் உள்ளத்தைப் பறிக்க இயலாது. இணங்கி அமர்ந்து, சொல்வதைக் கேட்டு, தாமாகவே கவனத்தைக் குவிக்கிறவருக்கே அறிதுயில் வரும். அந்த மனிதன் செய்ததெல்லாம் தமிழ் பேசியதும், பயமுறுத்தியதும், யோசிக்க நேரம் கொடாததுமே என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் ஏமாந்துட்டேன்னு சொல்றே. வசியம்னா தலைவிதின்னு இருக்கலாம். ஏமாந்தேன்னா ஊரு சிரிக்காதா?" என்றார்.

அக்கேள்வி என்னைச் சுட்டது. வசியம் என்ற சொல் அவருக்கு ஒரு போர்வையாக இருந்தது. அதை நான் உருவிவிட்டேன். அக்கம்பக்கத்தில் அத்தனை பேரிடம் வசியக் கதை இருந்ததற்கும் இதுவே காரணம் என்று அப்பொழுதுதான் விளங்கியது. "அம்மா, தமிழைக் கேட்டு நம்பினது உன் குற்றமில்லை. நான்கூட நம்பியிருப்பேன். வசியம் என்றால் அதற்குக் காப்பு கிடையாது. ஏமாற்று என்றால் அடுத்த தடவை விழித்துக்கொள்ளலாம். உன் புத்தி அன்றைக்கும் உன்னிடந்தான் இருந்தது, இன்றைக்கும் உன்னிடந்தான் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாட்கள் கழித்து, பையை எடுத்துக்கொண்டு அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். நான் தடுக்கவுமில்லை, உடன் செல்லவுமில்லை.

சகோதரிகளுக்கும் பெரியவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. தெருவில் எவர் நகையைக் கழற்றச் சொன்னாலும், அவர் எந்த மொழி பேசினாலும், போலீஸ் உத்தரவு என்றாலும், கழற்ற வேண்டாம். அவசரப்படுத்துகிறவரிடமிருந்து விலகி, அருகில் உள்ள கடைக்குள் சென்று நில்லுங்கள். ஏமாந்தவர் வீட்டில் இருந்தால் அவரைப் பரிகசிக்காதீர்கள். வசியம் என்று சொல்லி அச்சத்தையும் வளர்க்காதீர்கள்.

இப்பொழுதும் வழியில் எவரேனும் தமிழில் பேசினால் தாயார் முகம் மலரத்தான் செய்கிறது. அன்போடு பேசிவிட்டு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, பையன் இருப்பான், சாவகாசமாப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, பையோடு நடையைக் கட்டிவிடுகிறார். அவ்வழைப்பை ஏற்று இதுவரை இரண்டு குடும்பங்கள் எங்கள் இல்லத்துக்கு வந்து போயிருக்கின்றன.